ஏழாவதாக வந்தவன்

தேவாலயத்து வேன் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. அது கிளப்பிவிட்ட புழுதி அடங்கிய பிறகுதான் கார்வினைப் பார்த்தோம். பாதை தொடங்கும் இடத்தில் நட்டிருக்கும் பலகைக்குப் பின்னால் ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எங்களைப் போலவே ஆரஞ்சு நிற மேலுடுப்பு, முதுகில் பை, அன்று காலைதான் சவரம் செய்திருந்த முகம்.

"குட்மார்னிங்! என்ன இவ்வளவு லேட்டு? வரமாட்டீங்களோன்னு நினைச்சுட்டேன்" என்றான்.

பக்கத்தில் நின்ற ஷெல்பி என் முழங்கையைப் பிடித்தாள்.

ஷெல்பி கார்வினின் மனைவி. மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு கைப்பையோடு அவனை விட்டு வந்து என் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தாள். அவள் கழுத்தில் இருந்த தடம் மறைந்து அப்போதுதான் நாலைந்து நாள் ஆகியிருந்தது. அவன் தன்னை நெருங்கக் கூடாது என்று உத்தரவு கேட்டு, திங்கட்கிழமை வக்கீலோடு நீதிமன்றத்துக்குப் போவதாக இருந்தாள். அன்று சனிக்கிழமை. வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாளே, ஒரு நாள் காற்றாட நடக்கட்டும் என்று நான்தான் கூட்டி வந்தேன்.

ஒவ்வொரு அக்டோபரிலும் எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் பழைய தபால் வண்டிப் பாதையில் நடப்பது வழக்கம். தங்கச் சுரங்கக் காலத்தில் ஆட்களையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு குதிரை வண்டிகள் ஓடிய பாதை. பாறையில் சக்கரத் தடம் இன்னும் பள்ளமாகத் தெரியும். எங்கள் கார்களை முந்தின நாளே மறுகோடியில் நெடுஞ்சாலை ஓரமாக நிறுத்திவிடுவோம். வேன் எங்களை இந்தக் கோடியில் விட்டுவிட்டுப் போய்விடும். பிறகு நாள் முழுக்க நடந்து காருக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். நடுவில் வீடு வாசல் எதுவும் கிடையாது. போனில் சிக்னலும் கிடையாது.

வெர்லாதான் எப்போதும் எங்களுக்குத் தலைவி. எழுபது தாண்டியவள். குரல் மட்டும் இன்னும் மாட்டுச் சந்தையில் ஏலம் போடுகிற குரல்.

"கார்வின், உன் பேரு எங்க கூட்டத்துல இல்லயே" என்றாள்.

"பேரு கொடுக்கணுமா? இது அரசாங்க நிலம்தானே வெர்லா. நான் பாட்டுக்கு நடக்கறேன். நீங்க பாட்டுக்கு நடங்க."

"உன் வண்டி எங்க?"

"இருக்க வேண்டிய இடத்துல இருக்கு."

வெர்லா என்னை ஓரமாக அழைத்தாள். "இப்ப என்னடி பண்றது, நெட்டா? திரும்பிப் போனா வெறும் மண் ரோடு. ஒரு நாள் முழுக்க நடந்தாலும் ஒரு பண்ணைகூட வராது. கார் அந்தப் பக்கம் நிக்குது. அவளை நடுவுல விட்டுட்டுச் சேர்ந்தே நடப்போம். நம்ம ஆறு பேர் முன்னாடி என்ன செஞ்சிடுவான்?"

எனக்கும் வேறு வழி தோன்றவில்லை.

ஆறு பேரில் மற்ற மூவரையும் சொல்லிவிடுகிறேன். பெனிட்டோ, ஸ்பெயின் மலைப்பக்கத்திலிருந்து வந்து, ஆடு மேய்த்துப் பண்ணை வாங்கிய பாஸ்க் இனத்துக்காரர். இடது முழங்கால் பழுது, இரண்டு கையிலும் ஊன்றுகோல். அப்புறம் லாய்டும் அவன் மனைவி மார்சியும். நகரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வசந்த காலத்தில்தான் எங்கள் ஊருக்குக் குடிவந்தவர்கள். அவர்களுக்கு யாரையும் தெரியாது. ஷெல்பியை என் உறவுக்காரப் பெண் என்று நினைத்திருந்தார்கள்.

நடக்கத் தொடங்கினோம். வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. மலைப்பக்கமிருந்து எப்போதாவது துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மான் வேட்டைப் பருவத்துக்கு அன்றுதான் முதல் நாள். வேட்டைக்காரன் எவனும் மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்றுதான் எல்லோரும் ஆரஞ்சு உடுப்புப் போட்டிருந்தோம்.

கார்வின் ஷெல்பி பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போட்டிருந்தால், கெஞ்சியிருந்தால்கூடப் புரிந்திருக்கும். அவனோ ஊரில் எல்லோருக்கும் பிடித்த கார்வினாகவே நடந்தான். ஓடையைத் தாண்டும்போது பெனிட்டோவுக்குக் கை கொடுத்தான். மார்சியின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். லாய்டோடு மீன்பிடிப்பு பற்றிப் பேசி வாய்விட்டுச் சிரிக்க வைத்தான்.

"உங்க வீட்டம்மா வரலயா?" என்று மார்சி கேட்டது என் காதில் விழுந்தது.

"என் வீட்டம்மாவுக்கு இந்த மாதிரி இடம்னா உயிரு" என்றான். கொஞ்சம் நடந்த பிறகு, "உயிரா இருந்தா" என்று திருத்திக்கொண்டான்.

"அடடா! தவறிட்டாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மார்சி அவன் கையை ஆறுதலாகத் தட்டிக் கொடுத்தாள். எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த ஷெல்பியின் தோள்கள் விறைத்தன. ஆனால் அவள் திரும்பவில்லை.

மேடு ஏறும்போது என் பக்கம் வந்து என்னோடு சேர்ந்து நடந்தான்.

"உங்க பின்னறை ஜன்னல் கொக்கி ரொம்ப நாளா ஆடுது போல, நெட்டா. ஒரு ஸ்க்ரூதான். என்கிட்ட சொல்லியிருந்தா வந்து போட்டுக் குடுத்திருப்பேனே."

அந்த ஜன்னலுக்குக் கீழேதான் ஷெல்பியின் கட்டில். கொக்கி ஆடுவது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கை வைத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

"நீ எங்க வீட்டுப் பக்கம் வந்தியா?"

"நல்ல நாய் ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்றான். பிறகு வேகத்தைக் கூட்டி லாய்டோடு போய்ச் சேர்ந்துகொண்டான்.

நண்பகலுக்குக் குதிரை மாற்றும் பழைய நிலையத்துக்கு வந்தோம். கூரை எப்போதோ போய்விட்டது. மூன்று கல் சுவரும் ஓர் ஊற்றும் மிச்சம். நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தோம். பெனிட்டோ தன் வீட்டில் செய்த சொரிசோ என்ற பன்றிக்கறித் தொத்திறைச்சியை வெட்டி ரொட்டியில் வைத்து எல்லோருக்கும் நீட்டினார். கார்வின் மட்டும் வேண்டாம் என்று தலையாட்டினான். அவன் தன் பையையும் திறக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்று நாங்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மார்சியின் பையை அவள் காலடியில் வைத்தான்.

"நான் முன்னாடி போறேன். நீங்க மெதுவா வாங்க."

போகிற போக்கில் ஷெல்பியின் முன்னால் நின்றான். காலையிலிருந்து அவளிடம் அவன் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

"ஷூ நாடா அவிழ்ந்திருக்கு பாரு. தடுக்கி விழுந்துடப் போற."

அவள் நாடா சரியாகத்தான் கட்டியிருந்தது. அவன் பள்ளத்தாக்கை ஒட்டிப் போகும் பாதையில் இறங்கி, வளைவு திரும்பி மறைந்தான்.

"எவ்வளவு தங்கமான மனுஷன்! பாவம்" என்றாள் மார்சி.

ஷெல்பி எழுந்து சுவருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள்.

அதற்குமேல் மறைத்துப் பயனில்லை. லாய்டுக்கும் மார்சிக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மார்சி வாயைப் பொத்திக்கொண்டாள். லாய்டு கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

"என்கிட்ட எல்லாத்தையும் கேட்டானே. காருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீங்க, யாரு முன்னாடி நடப்பாங்க, யாரு கடைசில வருவாங்கன்னு. நான் சும்மா பேச்சுன்னு நினைச்சு..." அவன் நிறுத்தி, நெற்றியைத் தேய்த்தான். "மதியத்துக்கு மேல மான் வேட்டைக்குப் போறேன்னான். வேட்டை அனுமதிச் சீட்டைக்கூட எடுத்துக் காட்டினான்."

பெனிட்டோ கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார். "எதை வச்சு வேட்டை? அவன் கையில துப்பாக்கி இல்லயே."

வெர்லா அவன் மறைந்த வளைவைத் திரும்பிப் பார்த்தாள்.

"வண்டி இருக்க வேண்டிய இடத்துல இருக்குன்னு சொன்னான்ல. துப்பாக்கியும் அப்படித்தான். முன்னாடியே வந்து வச்சிட்டுப் போயிருக்கான்" என்றார் பெனிட்டோ.

எங்கே என்று எங்களுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவன் போன கீழ்ப்பாதை ஓரிடத்தில் பாறையைப் பிளந்துகொண்டு போகும். வெடிவைத்து வெட்டிய இடுக்கு. இரண்டு பக்கமும் சுவர், ஒரு வண்டி போகிற அகலம். அந்தக் காலத்தில் வழிப்பறிக்காரர்கள் வண்டியை மறித்ததும் அங்கேதான்.

"நான் போறேன்" என்றாள் ஷெல்பி. வாயைத் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் நடுவில் நின்றாள். "அவனுக்கு வேணுங்கிறது நான்தான். நான் தனியாப் போய்ப் பேசறேன். உங்களை ஒண்ணும் பண்ணமாட்டான்."

"பைத்தியம் மாதிரிப் பேசாதடி. உட்காரு" என்றேன்.

"நெட்டா, உங்களுக்குத் தெரியாது. அவன் இவ்வளவு அமைதியா இருந்து நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன்." அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

நிலையத்துக்குப் பின்னாலிருந்து இன்னொரு பாதை மேலே ஏறுகிறது. ஆற்றில் வெள்ளம் வந்து கீழ்ப்பாதை அடைபட்டால் வண்டிகள் அந்த முகட்டைச் சுற்றித்தான் போகும். வெள்ளப் பாதை என்போம். இப்போது அதில் யாரும் நடப்பதில்லை. செங்குத்தான ஏற்றம், சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. முகட்டுக்கு மேலே ஒதுங்க ஒரு மரமும் இல்லை.

"மேலே போனா பளிச்சுனு தெரிவோம். அவன் ஒரு தடவை தலையைத் தூக்கினாப் போதும்" என்றாள் வெர்லா.

"உடுப்பைக் கழட்டிட்டுப் போங்க" என்றார் பெனிட்டோ.

"இன்னிக்கு வேட்டை முதல் நாள், பெனிட்டோ. வேற எவனாவது சுட்டுட்டா?"

"வேற எவனும் ஷெல்பியைத் தேடிட்டு வரல."

பிறகு அவர் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "இதை வச்சுக்கிட்டு நான் மேலே ஏற முடியாது. நான் கீழ்ப்பாதையிலயே போறேன். கழட்டின உடுப்பையெல்லாம் என்கிட்ட குடுங்க. கம்பில மாட்டித் தூக்கிட்டுப் போனா தூரத்துலேருந்து கூட்டமாத்தான் தெரியும். ஆடு ஓட்டின தொண்டை இது. பத்து பேர் வர்ற சத்தத்தை நான் ஒருத்தனே போடுவேன். அவன் கண்ணு என் பக்கமே இருக்கட்டும். இடுக்குக்கு முன்னாடி வளைவு இருக்குல்ல, அதோட திரும்பிடறேன்."

"தனியாவா?" என்றேன்.

லாய்டு எழுந்து நின்றான். "நான் கூடப் போறேன்."

"லாய்டு, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? உனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு" என்று மார்சி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"காலையிலேருந்து அவன்கூடச் சிரிச்சுப் பேசிட்டு வந்திருக்கேன் மார்சி. விடு."

அவள் விடவில்லை. அவன்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

நாங்கள் நாலு பெண்களும் மேலே ஏறினோம். வெர்லா முன்னால், பிறகு ஷெல்பி, மார்சி, கடைசியில் நான். சேஜ் புதரின் கசப்பு மணம் தொண்டையில் ஏறியது. கீழே பள்ளத்தாக்கிலிருந்து பெனிட்டோவின் குரல் எழுந்துகொண்டே வந்தது. பாஸ்க் மொழியில் பாடினார். இல்லாத நாயை விசிலடித்துக் கூப்பிட்டார். "வெர்லா, கொஞ்சம் மெதுவா நட! ஷெல்பி, தண்ணி இருக்கா?" என்று கத்தினார். "இருக்கு, இருக்கு!" என்று லாய்டு உடைந்த குரலில் பதில் கொடுத்தான். மார்சி ஓசையில்லாமல் அழுதுகொண்டே ஏறினாள்.

முகட்டில் ஓரிடத்தில் பாதை விளிம்பை ஒட்டிப் போகிறது. வெர்லா சட்டென்று குனிந்து கையைப் பின்னால் காட்டினாள். நாங்களும் குனிந்தோம்.

அவன் எங்களுக்கு நேர் கீழே இருந்தான். இடுக்கின் சுவர் உச்சியில், பாறை மறைவில் ஒரு பாயை விரித்துக் குப்புறப் படுத்திருந்தான். ஆரஞ்சு உடுப்பை மடித்துத் தோளுக்குக் கீழே வைத்திருந்தான். தொலைநோக்கி பொருத்திய நீளத் துப்பாக்கி பாதையை நோக்கி நீண்டிருந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில், பாதி தின்ற ஆப்பிள். வேலைக்கு வந்தவன் போல நிதானமாக இருந்தான்.

ஷெல்பி குனிந்தபடியே அசையாமல் இருந்துவிட்டாள். நான் முன்னால் நகர்ந்து அவள் கையை இழுத்தேன். வரவில்லை. "அந்தப் பாய் எங்க பிக்னிக் பாய், நெட்டா" என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

அப்போது மார்சியின் காலடியில் ஒரு கல் பெயர்ந்தது. சின்னக் கல்தான். சரிவில் தட்டித் தட்டி இறங்கி ஒரு புதரில் போய் நின்றது. புதரிலிருந்து நாலைந்து கௌதாரிகள் படபடவென்று எழுந்து பறந்தன.

கார்வின் தலையைத் தூக்கினான். பறவைகள் போன திசையைப் பார்த்தான். அடுத்து அவை எழுந்த இடத்தைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பினான். நாங்கள் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தோம்.

சரியாக அந்த நேரத்தில் வளைவுப் பக்கமிருந்து பெனிட்டோ ஒரு கூச்சல் போட்டார். மலையே திருப்பிக் கத்தியது. கார்வின் முகத்தைத் திருப்பி மறுபடி துப்பாக்கியில் கன்னத்தைப் பதித்தான்.

தவழ்ந்தே அந்த இடத்தைக் கடந்தோம். உள்ளங்கையெல்லாம் முள். மறுபக்கச் சரிவில் இறங்கத் தொடங்கியபோதும் பெனிட்டோவின் பாட்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. திரும்ப வேண்டிய வளைவை அவர் எப்போதோ தாண்டிவிட்டிருக்க வேண்டும். பிறகு, ஒரு வரியின் நடுவில், பாட்டு நின்றது.

காத்திருந்தோம். ஒன்றும் கேட்கவில்லை. துப்பாக்கிச் சத்தமும் இல்லை. மார்சி திரும்பிப் போக எழுந்தாள். வெர்லா அவளை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, "நடடி. நடந்தாத்தான் போன் பண்ண முடியும். நட" என்றாள். பிறகு எல்லோரும் விழுந்து எழுந்து ஓடினோம்.

எங்கள் கார்கள் நின்ற இடத்தில் அவனுடைய பிக்கப் டிரக்கும் நின்றது. இரண்டு கார்களுக்கும் பின்னால் குறுக்காக, ஒரு கை நுழையும் இடம்கூட விடாமல் நிறுத்தியிருந்தான். முந்தின ராத்திரியே அதை இங்கே விட்டுவிட்டு, வேட்டைக்குப் போகிற யாருடைய வண்டியிலோ ஏறி எங்களுக்கு முன்னால் அந்தக் கோடிக்குப் போயிருக்க வேண்டும். முன்பக்கம் மழைநீர்ப் பள்ளமும் முள்கம்பி வேலியும். வெர்லா எங்களைத் தன் காரில் ஏற்றிக் கதவைச் சாத்தினாள். காரைப் பள்ளத்தில் இறக்கி, வேலியைப் பிய்த்துக்கொண்டு, புதர்க்காட்டில் ஒரு வட்டமடித்து ரோட்டில் ஏற்றினாள். கம்பி இழுபட்டுக்கொண்டே வந்தது. மேட்டின் உச்சியில் போனில் ஒரு கோடு தெரிந்ததும் ஷெரீப் அலுவலகத்தைக் கூப்பிட்டேன்.

கீழே நடந்ததை லாய்டுதான் பிறகு சொன்னான். வளைவு வந்ததும், "போதும், திரும்பிடலாம்" என்று அவன் சொல்லியிருக்கிறான். பெனிட்டோ கேட்கவில்லை. "அவங்க இன்னும் முகட்டைத் தாண்டியிருக்க மாட்டாங்க" என்று நேராக இடுக்குக்குள் நடந்திருக்கிறார். கம்பில் வெறும் உடுப்புகள் ஆடுவதைக் கண்டதும் கார்வின் மேலேயிருந்து இறங்கி வந்தான். அப்போதும் அவன் கத்தவில்லையாம்.

"அவ எந்தப் பக்கம் போனா?"

பெனிட்டோ பாஸ்க் மொழியில் ஏதோ பதில் சொன்னார். அவன் துப்பாக்கி முனையை அவருடைய பழுதான முழங்காலில் வைத்து மறுபடி கேட்டான். அவர் மறுபடி பாஸ்க்கிலேயே பேசினார். லாய்டைப் பார்த்துக் கேட்டான். லாய்டு அழுதான், சொல்லவில்லை. கார்வின் துப்பாக்கியைத் திருப்பி, அதன் அடிக்கட்டையால் அந்த முழங்காலை இரண்டு முறை அடித்தான். பிறகு டிரக்கை நோக்கி ஓடினான்.

ஷெரீப்பின் டெபுடி போலீஸ்காரர்கள் அவனை நெடுஞ்சாலையில் மடக்கியபோது கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே இறங்கினானாம். வேட்டைச் சீட்டை நீட்டினானாம். அதில் எல்லாம் சரியாகவே இருந்தது. பாறை மேல் படுத்திருந்தது குற்றமில்லை, மனைவி நடக்கிற பாதையில் நடந்ததும் குற்றமில்லை என்று அவன் வக்கீல் பேசினார். கிழவர் கல்லில் தடுக்கி விழுந்தார் என்றும் சொன்னார். லாய்டு சாட்சிக் கூண்டில் ஏறி, ஒரு சொல் மாற்றாமல் நடந்ததைச் சொன்னான். முழங்காலை உடைத்ததற்காக மட்டும் கார்வினுக்குச் சிறை கிடைத்தது. ஒரு வருடத்துக்கும் குறைவு.

பெனிட்டோ இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். அன்று கார்வினுக்கு பாஸ்க்கில் என்ன சொன்னீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "ஆட்டைத் திட்டற வார்த்தைதான். உனக்கெதுக்கு அது?" என்றார்.

ஷெல்பி அந்த வாரமே ஊரை விட்டுப் போய்விட்டாள். எங்கே என்று என்னிடம் சொல்லவில்லை. சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதும் நான்தான்.

போன மாதம் கோழித் தீவனம் வாங்கப் போனேன். மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன் கார்வின். அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமாம். என் வண்டியில் மூட்டையைச் சிந்தாமல் சிதறாமல் இறக்கி, பின்கதவைச் சாத்தி, அது பூட்டிக்கொண்டதா என்று இழுத்தும் பார்த்தான்.

"இந்த அக்டோபர் நடை என்னிக்கு, நெட்டா?" என்றான்.

"இந்த வருஷம் நடை இல்ல."

"அடடா. நடக்கணும். உடம்புக்கு நல்லது." சிரித்துக்கொண்டே ஒரு அடி பின்னால் நகர்ந்து எனக்கு வழி விட்டான்.

அன்று நான் நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஊரைச் சுற்றி, ஆற்றுப் பாலம் வரை போய், வண்டியை நிறுத்தி, கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ரோடு காலியாகத்தான் இருந்தது.